வெயிலில் வைத்த கட்டைகள்

1

நேற்று டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை. பின்மூடியைத் திறந்து இரண்டு பேட்டரிக் கட்டைகளையும் எடுத்து, பால்கனிக் கைப்பிடி ஓரமாக வெயிலில் வைத்துவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்த வேலை.

என் மகள் இனியா பார்த்துவிட்டாள். பதினாறு வயது, ஜப்பானில், இந்த ஹமாமட்சுவிலேயே பிறந்தவள். "அப்பா, இது என்ன, வடகமா?" என்று சிரித்தாள். அவளுடைய தமிழில் வடகம் என்கிற சொல் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டார்ச் லைட் மங்கினால் கட்டைகளை மாடியில் காயவைப்போம், இன்னும் இரண்டு நாள் ஓடும். இங்கே ஜப்பானில் தீர்ந்த கட்டை என்றால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, உள்ளே இருப்பது தெரிகிற பையில் போட்டு, அதற்கென்று குறித்த நாளில் தெருமுனைக் கூடையில் வைக்க வேண்டும். சரியாக வைக்கிறார்களா என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் உண்டு. இந்த வருடம் அந்த ஆள் நான்தான். தெருக்காரர்கள் கூட்டத்தில் தலைவர் ஏதோ நீளமாகப் பேசினார், நான் இடையிடையே "ஹய், ஹய்" என்றேன். இந்த ஊரில் 'ஹய்' என்றால் பாதி நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பொருள். மீதிப் பாதி நேரம் 'சம்மதம்' என்று பொருள். அன்றைக்கு இரண்டாவது பாதியில் மாட்டிக்கொண்டேன்.

இனியா சிரித்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சிரிக்காதே, போய் எடுத்துட்டு வா" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். கோபம் அவள்மேல் இல்லை. இதே மாதிரி இரண்டு கட்டைகள் கள்ளக்குறிச்சியில் ஒரு மொட்டைமாடியில் காய்ந்ததால், போன தை மாதம் என் அண்ணன் வாயடைத்துப்போனார். அவர் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் நிலைமைக்கு வந்தது. அதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கட்டைகள் என் கண்முன்னால் கிடக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

2

அண்ணன் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரைக்கும் பஸ் ஓட்டியவர். மலை ஏறும் வளைவுகளில் அவர் ஹாரன் அடிப்பதைவிட வாயால் அதட்டுவதுதான் அதிகம். "எறங்கி வர்றவன் ஒதுங்குடா டேய்" என்று அவர் சத்தம் போட்டால் அடுத்த வளைவில் வருகிற லாரி ஒதுங்கும் என்பார்கள். மேலே இருக்கிற சனங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சாமான் வாங்கி வரச் சொல்லி அவரிடம்தான் பணம் கொடுத்து அனுப்புவார்கள். இன்றைக்கும் சாமை, கடுக்காய், புளி என்று எதையாவது வேறு டிரைவர் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சு போனது. கேட்பது புரியும். எழுத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒரு சொல்லைத் தானாக வாயிலோ பேனாவிலோ கொண்டுவர முடியாது. தலையாட்டுவதும் குழம்பிப்போனது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே மாதிரி இடமும் வலமுமாக ஆட்டுவார். "தலையாட்டறதை நம்பாதீங்க, கையால காட்டறதை நம்புங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புதுச் செல்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நடுங்கும் இடது கட்டைவிரல் பட்டதும் திரை எங்கேயோ ஓடியது. இரண்டாம் நாளே சுவரில் அடித்துவிட்டார். பிறகு இங்கே ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் கைக்கணினி கிடைத்தது. செல்போன்கள் வருவதற்கு முன்னால் ஆபீஸ்காரர்கள் விலாசமும் வேலைக் குறிப்பும் வைத்துக்கொண்ட சாதனம் அது. உள்ளங்கை அளவு, சாம்பல் நிறத் திரை, கீழே அமுக்கினால் 'டக்' என்று பதில் சொல்கிற பொத்தான்கள். இரண்டு சின்னக் கட்டை போட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

அதற்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரு படமாகச் செய்தேன். சொல்லை நான் எழுதினேன், அதன் பக்கத்தில் இனியா படம் வரைந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தண்ணி, சோறு, வலி, மருந்து, ஃபேன், வெளிய, மலை. மலை என்பது அண்ணன் அதிகம் அமுக்கும் சொல். அதை அமுக்கினால் மாடிக்கு அழைத்துப்போய் மேற்குப் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். ஆட்களுக்கு ஒரு பக்கம் வைத்தேன்: நான், பொஞ்சாதி, பொண்ணு, தம்பி. கடைசியில் வேணும், வேணாம். வரைந்து முடித்தபோது ஒன்று உறைத்தது. பேச்சை இழந்த என் அண்ணனுக்கு நான் கொடுத்த தமிழும், பேச்சு முழுசாக இருக்கிற என் மகளுக்குத் தெரிந்த தமிழும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை.

என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளம்தான் ஓடும். அண்ணன் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்ததிலும் அதையே போட்டுவைத்தேன். ஊரே வேறொன்றை வைத்திருக்கும்போது நமக்கு மட்டும் எதற்கு இது என்று அண்ணன் மகள் வளர்மதி சண்டை பிடித்தாள். வைரஸ் வராது, காசு கிடையாது என்று அவள் வாயை அடைத்தேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து.

அந்தக் கைக்கணினிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இரண்டு கட்டையையும் ஒன்றாக எடுத்துவிட்டால் ஒரு நிமிஷம்போலத் தாங்கும், அப்புறம் உள்ளே இருப்பதையெல்லாம் மறந்துவிடும். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு, பிறகு மற்றதை மாற்ற வேண்டும். இதை அஞ்சலை அண்ணியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். ஆறு வருடமும் அப்படித்தான் செய்தார்.

3

தை பிறந்ததும் வளர்மதிக்கு வரன் கூடிவந்தது. ஊரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் அவள். மாப்பிள்ளை வீடு திருநாவலூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதாம்பூலம் என்று முடிவானது. அதற்குச் சில நாட்கள் முன்னால் கைக்கணினி கட்டை கேட்டது. அந்த மெல்லிசுக் கட்டை கடையில் இல்லை, நாளைக்கு வரும் என்றிருக்கிறார்கள். அண்ணி இரண்டையும் கழற்றி, மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த சாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டார். சாயங்காலம் எடுத்துப் போட்டதும் சாதனம் பிழைத்துக்கொண்டது. ஆனால் புதிதாக வாங்கியபோது கேட்ட கேள்விகளைக் கேட்டது. உள்ளே ஒரு சொல்கூட இல்லை.

"எல்லாம் என்னாலதான் தம்பி. ஒரு நாள் ஓடுனா போதும்னு வெச்சேன். நீங்க சொன்னது அந்த நேரம் பார்த்து மறந்துபோச்சு" என்று அண்ணி போனில் அழுதார்.

"கோப்பு எல்லாம் என்கிட்ட இருக்குங்க அண்ணி. அரை மணி நேர வேலை" என்றேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எவனும் அரை மணி நேரம் என்றால் நம்பாதீர்கள்.

சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒயரில் பழைய காலத்துத் தடித்த முனை. இன்றைய கம்ப்யூட்டரில் அதற்குத் துளையே கிடையாது. இடையில் ஒரு மாற்றி வேண்டும். முன்னால் அங்கே வாங்கிக் கொடுத்திருந்த மாற்றி எங்கே போனதென்று தெரியவில்லை. சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தோம். அது வந்து சேர்ந்தது நிச்சயத்துக்கு முந்தின நாள்.

அதற்குள் வேறொரு வினை முளைத்தது. தட்டு மாற்றும்போது சபையில் பெரியவர்கள் "பொண்ணு கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார்கள், பெண்ணைப் பெற்றவர் சம்மதம் என்று சொல்ல வேண்டும். அண்ணனால் முடியாது, ஆகவே சித்தப்பா என்ற முறையில் நான் வீடியோ காலில் சொல்வது என்று பேசி வைத்திருந்தார்கள். நானும் புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். அண்ணி இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார். மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினாலும் தலையாட்டல், புடவை எடுத்ததைக் காட்டினாலும் தலையாட்டல்.

வந்துபோன சொந்தக்காரர் யாரோ இதைப் பார்த்துவிட்டார். திருநாவலூருக்குச் செய்தி போய்விட்டது: பெண்ணின் அப்பாவுக்கு இஷ்டமில்லை, வாயில்லாதவரை ஏமாற்றிக் கல்யாணம் பண்ணுகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா அண்ணிக்கு போன் செய்தார். மரியாதையான மனுஷர், குரல் உயரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பெத்தவரு மனசு நோவ எங்களுக்குச் சம்பந்தம் வேணாம். ஞாயித்துக்கெழம வரோம். அவரு மனசு இன்னான்னு தெரிஞ்சா தட்டு மாத்தலாம். இல்லாங்காட்டி காபித் தண்ணி குடிச்சிட்டு அப்படியே கெளம்பிடுறோம்."

அண்ணன் மனசு என்ன என்று எங்களுக்கே தெரியாது. அதுதான் என்னைத் தின்றது. அவருக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை என்றால்? நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்றால்? வளர்மதியிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "தெரிஞ்சிக்கிறது நல்லதுதான் சித்தப்பா" என்றாள். 

4

சனிக்கிழமை உட்கார்ந்தோம், ஊரில் காலை நேரம், இங்கே மத்தியானம். அங்கே வளர்மதி கம்ப்யூட்டர் முன்னால், இங்கே நான், நடுவில் செல்போன். எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டாக அவளுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணன் பக்கத்து நாற்காலியில் கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறுமையாகக் கிடந்தாலும் அதை அவர் கையைவிட்டு வாங்க முடியவில்லை. ஒயர் அவர் மடியிலிருந்து மேஜைக்குப் போனது.

செய்யவேண்டியது சின்ன விஷயம். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை அடித்தால் அது 'பொத்தானை அமுக்கு' என்று காத்திருக்கும். சாதனத்தில் பொத்தானை அமுக்கினால் கோப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும்.

"அனுமதி இல்லைன்னு வருது சித்தப்பா."

"யாருக்கு அனுமதி இல்லை?"

"எனக்குத்தான். என் வூட்டுக் கம்ப்யூட்டர்ல எனக்கே அனுமதி இல்லியாம்."

லினக்ஸ் அப்படித்தான். வீட்டுக்குள் விடும், கொல்லைக் கதவைத் திறக்க விடாது. அதற்கென்று உள்ள குழுவில் அவள் பெயரைச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லைக் கேட்டது. அந்தக் கடவுச்சொல் என்னவென்று எனக்கும் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அண்ணன் ஓட்டின பஸ்ஸின் வண்டி எண்ணைச் சொன்னேன், திறந்தது. பெயரைச் சேர்த்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம்.

மறுபடி கட்டளை. இப்போது வேறு பல்லவி.

"அப்படி ஒரு வழியே இல்லைன்னு சொல்லுது."

"ஒயரைப் புடுங்கிச் சொருகு."

"சொருகிட்டேன். இருந்துச்சு சித்தப்பா, கண்ணால பார்த்தேன். உடனே காணாம போயிடுச்சு."

எத்தனை தடவை சொருகினாலும் இதே கதை. மாற்றி ஒயர் தலையைக் காட்டும், ஒரு நொடியில் மறையும்.  ஒயர் கோளாறு என்றால் இன்னொன்று வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கத்தினேன். "சரியா பார்த்தியா, சரியா அடிச்சியா?" என்று ஸ்கூல் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"என்னைத் திட்டாதீங்க சித்தப்பா. நாளைக்கு இன்னா ஆகுமோன்னு எனக்கு மட்டும் பயம் இல்லியா?" என்றாள்.  அண்ணன் அவளைப் பார்த்தார், பிறகு போனில் என்னைப் பார்த்தார். மலை வளைவில் குறுக்கே வந்தவனைப் பார்க்கிற பார்வை. 

இந்த நேரம் பார்த்து அங்கே கரண்டும் போனது. வந்தபோது எனக்கு இங்கே வார்டு ஆபீஸுக்கு ஓட வேண்டியிருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் திறப்பார்கள். மனைவியின் விசா காகிதத்துக்கு அன்றைக்குத்தான் கடைசி. வரிசையில் நின்றுகொண்டு, கம்ப்யூட்டர் எழுதிவைத்த பிழைக் குறிப்புகளை வளர்மதி அனுப்ப அனுப்ப செல்போனில் படித்தேன். ஜன்னலில் இருந்த பெண் மூன்று தடவை ஏதோ கேட்டாள், மூன்று தடவையும் "ஹய்" என்றேன். எதற்குத் தலையைக் கொடுத்தேனோ, இன்னும் தெரியவில்லை.

வரிசையில் நின்றபோதே காரணம் பிடிபட்டது. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் கருவிக்காக லினக்ஸில் ஒரு மென்பொருள் தானாகவே இருக்கும். புதிதாக ஓர் ஒயர் சொருகினால் அது தன்னுடைய கருவிதான் என்று நினைத்து முதலில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. கண் தெரியாதவருக்கு வைத்த உதவி வாய் பேசாதவரின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. யாரைத் திட்டுவது? அந்த மென்பொருளை நீக்கச் சொல்லி எழுதி அனுப்பினேன். அதற்குள் அங்கே உறவுக்காரர்கள் வந்திறங்கிவிட்டார்கள், கம்ப்யூட்டர் அறையில் பந்திப் பாத்திரங்களை அடுக்கிவிட்டார்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கூப்பிடும்வரை மணப்பெண் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் வளர்மதிக்கு வசதியாகப் போனது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பாத்திரங்களுக்கு நடுவில் கம்ப்யூட்டர். பக்கத்தில் புது வேட்டி சட்டையில் அண்ணன்.

"மென்பொருள நீக்கிட்டேன் சித்தப்பா. ஒயர் நிக்கிது, ஓடல."

"கட்டளையை அடி."

"அடிச்சிட்டேன். அமுக்கச் சொல்லுது." அவள் திரும்பினாள். "அப்பா, இப்ப அமுக்குங்க."

அண்ணன் இடது கட்டைவிரலால் அமுக்கினார். சாதனம் கீச்சென்று ஒரு சின்ன ராகம் பாடியது. ஆறு வருடத்துக்கு முன்னால் என் மேஜையில் கேட்ட அதே ராகம். கோப்புகளின் பெயர் வரிசையாக ஓடியது. வளர்மதி சத்தமாகப் படித்தாள்: தண்ணி, சோறு, வலி, மருந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் கதவோரம் நின்ற அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிந்தது. அண்ணன் யாரையும் கேட்கவில்லை. பொத்தானை அமுக்கி ஆட்கள் பக்கத்துக்குப் போனார். ஒரு படத்தில் நிறுத்தினார். சாதனத்தை போன் பக்கம் திருப்பி எனக்குக் காட்டினார்.

தம்பி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொல்லுங்கண்ணே" என்றேன். மறுபடி குனிந்து தேடினார். காட்டினார்.

வேணாம்.

 அண்ணி என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருபது வருடமாக வெளியே இருக்கிறேன். அப்பா சாவுக்குக்கூட மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். இத்தனை நாள் அவருக்குப் பேச்சில்லாததால்தான் இதைக் கேட்காமல் இருந்தேனோ என்று தோன்றியது. திரையை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒன்றில் நிறுத்தி, சாதனத்தைத் தன் நெஞ்சில் இரண்டு தடவை தட்டிவிட்டுக் காட்டினார்.

நான்.

வளர்மதிதான் முதலில் பிடித்தாள். "சித்தப்பா, நீங்க சொல்ல வேணாமாம். அவரே சொல்றாராம்!"

"அடப் பாவி மனுஷா" என்றார் அண்ணி. "இதுக்குத்தான் இத்தினி நாளா தலைய ஆட்டிக்கினு, சோத்த தள்ளிக்கினு இருந்தீங்களா?" அண்ணன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம்.

சிரிப்பு நீடிக்கவில்லை. அண்ணன் மறுபடி பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். முதலிலிருந்து கடைசிவரை போனார். திரும்பி வந்தார். இன்னொரு முறை போனார். பிறகு நகத்தால் திரையைத் தட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்கு வேண்டிய சொல் அதில் இல்லை. 'சம்மதம்' என்று ஒன்று நான் போடவே இல்லை.

"'வேணும்' இருக்குதேப்பா, அதக் காட்டுங்க, புரிஞ்சிப்பாங்க" என்றாள் வளர்மதி. அவர் அவள் கையைத் தள்ளினார். அது அவர் தண்ணிக்கும் மருந்துக்கும் காட்டுகிற சொல்.

"நீங்க போட்டதெல்லாம் படுத்துக்கினு இருக்கிறவருக்கு வேண்டிய வார்த்தை தம்பி. இவரு பொண்ணு கட்டிக் கொடுக்கிறவரு. அதுக்கு இன்னா வெச்சிருக்கீங்க?" என்றார் அண்ணி. கோபமில்லாமல்தான் சொன்னார். 

"கால் மணி நேரம் கொடுங்க அண்ணி."

கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னாம்மா, நேரம் ஆவுது. உள்ள இன்னா நடக்குது?" மாப்பிள்ளையின் அப்பாதான். அண்ணி வெளியே ஓடி, இரண்டாம் தடவையாகக் காபி கொடுக்கச் சொன்னார்.

என் மேஜையில் அந்தச் சொல்லை எழுதினேன். இனியா பின்னால் வந்து நின்றாள். "படம் வேணுமா? சம்மதம்னா என்ன?" என்று கேட்டாள். "'ஹய்' மாதிரி, ஆனா 'ஹய்' இல்லை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அதற்கு என்ன படம் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை. எழுத்து மட்டும் போதும் என்று கோப்பாக்கி அனுப்பினேன். வளர்மதி ஏற்றினாள். அண்ணன் அமுக்கினார். ராகம் கேட்டது.

"கறுப்பா இருக்கு சித்தப்பா. முழுக்கக் கறுப்பு."

இன்றைய மென்பொருள் லட்சம் வண்ணங்களில் படத்தைச் சேமித்திருந்தது. அந்தக் கிழட்டுத் திரைக்குத் தெரிந்தது சாம்பலில் சில சாயல்கள்தான். சாம்பலுக்கு மாற்றினேன். அனுப்பினேன். "இப்ப எழுத்து வருது, ஆனா நூல் மாதிரி இருக்கு, படிக்க முடியல." தடித்த எழுத்தில் மறுபடி எழுதினேன். அனுப்பியதும் அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் நின்றது, கம்ப்யூட்டர் திரை அணைந்தது. மறுபடியும் கரண்ட்.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் எனக்கே கேட்டது. "சரிம்மா, இன்னொரு நாளு பேசிக்கலாம்" என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வளர்மதி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேஜைக்குக் கீழே நுழைந்தாள். டி.வி.க்குப் போகும் இன்வர்ட்டர் ஒயரை இழுத்து கம்ப்யூட்டருக்குச் சொருகினாள். அது மெதுவாகக் கண்விழித்தது.

"கட்டளை அடிச்சிட்டேன். அப்பா, அமுக்குங்க."

ராகம். அவள் எட்டிப் பார்த்தாள். "இப்ப படிக்க முடியுது" என்று பூவைச் சரிசெய்துகொண்டாள். அண்ணன் எழுந்து நின்றார்.

6

அண்ணி போனைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பின்னால் போனார். படம் ஆடியது. கூடத்தில் பாதிப்பேர் எழுந்து நின்றிருந்தார்கள். அண்ணன் காலை இழுத்து இழுத்து வந்து நடுவில் நின்றதும் எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் வயதான ஒருவர் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏழுமலை, சபையில கேக்குறோம். பொண்ணு கொடுக்கச் சம்மதங்களா?"

அண்ணன் சாதனத்தை அமுக்கினார். தூக்கிக் காட்டுவார் என்று எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் சபைப் பக்கம் திரும்பவில்லை. அறை வாசலில் நின்ற வளர்மதியின் பக்கம் திரும்பி, அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னாத்துக்கு இவகிட்ட காட்டுறாரு? அங்க காட்டுங்க" என்று அண்ணி பதறினார்.

"இரும்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பொண்ணக் கேக்குறாரு."

அதுவரை அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. வரன் பார்த்தோம், நாள் பார்த்தோம், அண்ணன் மனசு என்னவோ என்று உயிரை விட்டோம். கட்டளை அடிக்கச் சொல்லி, அடித்தது சரியா என்று அவளிடம் கத்தினேன். உனக்குச் சம்மதமா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை எழுதி அனுப்பிய எனக்கே அது தோன்றவில்லை.

அண்ணன் கையை இறக்கவில்லை.  வளர்மதி திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தலையாட்டவில்லை. அந்த வீட்டில் தலையாட்டலுக்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"சம்மதம்ப்பா" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் சபைப் பக்கம் திரும்பி, அதே திரையை மாப்பிள்ளையின் அப்பாவிடம் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தார். "சம்மதம்." பிறகு எழுந்து வந்து அண்ணனின் விளங்காத வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தட்டு மாற்றும் அவசரத்தில் அண்ணி போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பது யாருக்கும் நினைவில்லை. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது அண்ணனின் முதுகு மட்டும்தான். மலைக்குப் போகும் பஸ்ஸில் சின்ன வயதில் அவருடைய சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போவேன், அப்போதும் எனக்கு அந்த முதுகுதான் தெரியும். கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.